வாங்குபவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர்

உரக்கடையில் நிற்பவருக்கு ஐந்து கேள்விகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். என்ன பயிர்? விதைத்து எத்தனை நாள்? எவ்வளவு நிலம்? வயலில் தண்ணீர் நிற்கிறதா? மருந்தை யார் அடிக்கப் போகிறார்கள்? முதல் நான்கையும் எந்தக் கடையிலும் கேட்பார்கள். ஐந்தாவதைக் கேட்பவர்கள் குறைவு. வாடிக்கையாளரைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்த ஐந்தாவது கேள்விக்குக் கிடைத்த பதில்களில் இருந்து வந்தது. எங்கள் பகுதியில் எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு வயலில் நிற்கிறது என்பது தெரிய வந்ததும் அதனால்தான்.

எங்கள் கடை இலங்கையின் வடக்கே, பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் இருக்கிறது. ஒரு பக்கம் இரணைமடுத் தண்ணீரை நம்பிய நெல்வயல்கள். தருமபுரம், விசுவமடு என்று உள்ளே போகப் போக மேட்டுநிலம், கச்சான் என்ற நிலக்கடலை, மிளகாய், பப்பாசி. விற்பனையும் கணக்கும் என் பொறுப்பு. கணவருக்கு மேசன் வேலை. விடியப் போனால் இருட்டித்தான் வருவார். மூத்தவன் எட்டாம் வகுப்பு, இளையவள் நான்காம் வகுப்பு.

ஐந்தாவது கேள்வி பிள்ளைகளை மனதில் வைத்து வந்ததல்ல, வியாபாரத்துக்காக வந்தது. கடைக்கு வருபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர், வயலில் இறங்குபவர் மூன்றாமவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் காசு அனுப்புவார், தாய் வந்து வாங்குவார், கூலிக்கு வருபவர் அடிப்பார். அளவை நான் தாயிடம் விளக்குவேன். அது வயலுக்குப் போய்ச் சேரும்போது "இரண்டு மூடி விடச் சொன்னார்கள்" என்று மாறியிருக்கும். எந்த மருந்தின் மூடி, எத்தனை லீற்றர் தண்ணீருக்கு என்பதெல்லாம் வழியிலேயே தொலைந்துவிடும். பயிர் கருகினால் கோபம் கடையின் மேல்தான் திரும்பும். ஆகவே அடிப்பவர் யார் என்று கேட்டு, அவருக்கு விளங்கும்படி ஒரு துண்டில் அளவை எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவர் என்றால் மூடியிலேயே கோடு போட்டுக் கொடுப்பேன். முறைப்பாடுகள் குறைந்தன. "அந்தப் பிள்ளை வடிவாகச் சொல்லித் தரும்" என்று தூரத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

ஒரு சிறுபோக நெற்செய்கைக் காலத்தில், எனக்கு நன்றாகப் பழக்கமான அம்மா ஒருவர் களைகொல்லி வாங்க வந்தார். வழக்கம்போலக் கேட்டேன். "மூத்தவன்தான் பிள்ளை. அவன் இப்போது நன்றாக அடிப்பான்" என்றார். அவருடைய மூத்தவன் என் மகனோடு ஒரே வகுப்பில் படிப்பவன்.

இரண்டொரு நாளில் அந்தப் பையனே வந்தான். மருந்தடிக்கும் மெசினின் கைபிடி வழியாக ஒழுகுகிறது, வாஷர் வேண்டும் என்றான். மெசினை இறக்கி மேசையில் வைத்தபோது பார்த்தேன். தோளில் மாட்டும் பட்டி அவனுடைய உயரத்துக்கு நீளமாக இருந்ததால் நடுவில் மடித்து, நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தான். கயிற்றின் முடிச்சு தோள்பட்டை எலும்பில் அழுத்தாமல் இருக்கப் பழைய துணி ஒன்றைச் சுற்றியிருந்தான். சட்டைக் கழுத்துக்குள் சிவந்த தடம் தெரிந்தது. பழுதான வாஷரைச் சிறிய ஆணியால் நெம்பி எடுத்து, புதியதைப் பொருத்தி, தண்ணீர் ஊற்றி அழுத்திப் பார்த்தான். பெரியவர்கள் பலருக்கு இந்தக் கைத்திறன் வராது. களைகொல்லிக்கு எந்த மூக்கு, பூச்சிமருந்துக்கு எந்த மூக்கு என்று என்னிடம் திருத்தமாகச் சொன்னான். அவன் குரலில் பெருமை இருந்தது. வீட்டில் ஓர் ஆண்பிள்ளையாகத் தான் நிமிர்ந்து நிற்கிற பெருமை.

அந்த மெசின் 16 லீற்றர் கொள்ளும். தண்ணீர் மட்டும் 16 கிலோ. மெசினின் சொந்தப் பாரத்தையும் சேர்த்தால் 20 கிலோவுக்குக் கிட்ட வரும். வரம்பில் நின்றுகொண்டு அடிக்கும் வேலையுமல்ல. சேற்றில் கால் புதையப் புதைய நடக்க வேண்டும். மூடி இறுகாவிட்டால் முதுகு முழுவதும் நனையும். நனைந்த சட்டையோடு வெயிலில் நிற்கும்போது மருந்து தோலுக்குள் இறங்கும். வளரும் உடம்பு சிறியது. பெரியவர் ஒருவர் தாங்கும் அளவை அது தாங்காது. தலையிடி, வாந்தி, வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், கண்மணி சுருங்குதல் எல்லாம் நஞ்சு ஏறுவதன் அடையாளங்கள். அப்படி ஏதும் கண்டால் உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, மருந்துப் போத்தலின் லேபிளையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மருந்து வாங்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லி அனுப்புகிறேன். வாசிப்பவர்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் மயக்கம் இல்லை. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயதை 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தினார்கள். கட்டாயக் கல்வி வயதும் 2016 இலிருந்து 16 வரை நீண்டிருக்கிறது. 18 வயது நிறையாத எவரையும் அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. நச்சு இரசாயனங்களோடு செய்யும் வேலை அந்தப் பட்டியலில் அடங்கும். ஆனால் எங்கள் மேசைக்கு முன்னால் சட்டத்தை எடுத்துப் போட்டால் அந்த அம்மா அடுத்த முறை வேறு கடைக்குப் போவார். அங்கே யாரும் ஐந்தாவது கேள்வியைக் கேட்கமாட்டார்கள். பையன் முன்பு போலவே மெசினைச் சுமப்பான், பார்க்கும் கண் ஒன்று மட்டும் குறைந்துவிடும்.

ஆகவே முதலில் அந்தக் குடும்பத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். உரக்கடைக்காரருக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எங்கள் கடன் கொப்பியைப் புரட்டினால் ஊரின் நிலைமை தெரியும். கமக்காரர் விதைப்புக்குக் கடனாக வாங்கி, அரிவு வெட்டு முடிந்து நெல் விற்றுத்தான் தருவார். நெல்லைக் காயவைக்க இடமும் நேரமும் இல்லாதவர் வயலிலேயே ஈரநெல்லாக விற்பார். வியாபாரி சொன்னதுதான் விலை. குத்தகைக்குச் செய்பவர் நிலத்துக்கும் கொடுத்து, உழவுக்கும் கொடுத்து, வெட்டு மெசினுக்கும் கொடுத்த பின் மிஞ்சுவதை வைத்து எங்களிடம் வருவார். இடையில் கிழமைக் கடன் கட்டும் நாள் வரும். அந்த நாளுக்கு முதல் நாள் பெண்கள் எதையும் வாங்க வரமாட்டார்கள். வந்தால் முழுப் போத்தலுக்குப் பதிலாக அரைப் போத்தல் இருக்கிறதா என்று கேட்பார்கள். இப்படியான நெருக்கத்தில் வெட்டக்கூடிய ஒரே செலவு கூலி. மருந்து டாங்கிக் கணக்கில் ஓர் ஆளுக்குக் கொடுக்கும் காசு, வீட்டில் கால் கை உள்ள ஒரு பிள்ளை இருந்தால் மிச்சப்படும். அந்தப் பையன் வயலில் இறங்கியதற்குக் காரணம் இவ்வளவுதான். தாய்க்குப் பாசம் இல்லாமலா?

இதற்குப் பின்னால் இன்னும் நீண்ட கதை இருக்கிறது. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு முகாமிலிருந்து திரும்பியவர்கள் காடு வளர்ந்த காணிகளைத் துப்புரவாக்கித் தொடங்கினார்கள். கணவனை இழந்த பெண்கள், கணவன் எங்கே என்று இன்றுவரை தெரியாத பெண்கள், உடம்பில் எறிகணைச் செல் துண்டோடு பாரம் தூக்க முடியாமல் இருக்கும் ஆண்கள் எல்லோரும் எங்கள் வாடிக்கையாளர்கள். 2020 இல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது தொலைபேசியில் படிப்பு நடந்தது. தொலைபேசி இல்லாத வீட்டிலும், சிக்னல் இல்லாத ஒழுங்கையிலும் படிப்பு நின்றது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தாலும் அந்தப் பெரும்போகம் தப்பவில்லை. 2022 இல் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் வரிசை. யூரியா மூட்டையின் விலையைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் கொப்பியும் பென்சிலும் பிடித்த கைகள் பல மண்வெட்டிக்குப் போயின. எல்லாம் திரும்பி வரவில்லை.

கடைக்காரர் கண்ணுக்கு என்னென்ன தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட நாளில் காலை பத்தரை மணிக்குப் பொருட்துண்டோடு வரும் பிள்ளை. ஒரு நாள் வந்தால் தாய்க்குச் சுகமில்லாமல் இருக்கலாம். ஒவ்வொரு கிழமையும் வந்தால் கேட்க வேண்டும். மிகச் சிறிய அளவில் பூட்ஸ் அல்லது கையுறை கேட்கும் பெரியவர். கையுறை வாங்குவது நல்ல பழக்கம்தான், ஆனால் அந்த அளவு யாருடைய கைக்கு? உர மூட்டை ஏற்ற வரும் லாண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு மெசினின் பெட்டியில் இருந்து குதிக்கும் பையன்; அவனை அழைத்து வந்தவர் அவனுடைய பெயரைச் சொல்லாமல் "டேய்" என்றே கூப்பிடுவார். சொந்தப் பிள்ளையை அதட்டும் குரலுக்கும் கூலிக்குக் கொண்டுவந்த பிள்ளையை அதட்டும் குரலுக்கும் வேறுபாடு உண்டு; கொஞ்ச நாள் மேசையில் நின்றால் காதுக்குப் பிடிபடும்.

கச்சான் காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தை, மாசி மாதங்களில் புதுக்குடியிருப்பு, முத்தையன்கட்டுப் பக்கங்களிலும் எங்கள் உட்பகுதிகளிலும் கச்சான் பிடுங்குவார்கள். செடியைப் பிடுங்குவது பெரும்பாலும் நாட்கூலி. செடியிலிருந்து கச்சானை ஆய்வதற்கு வாளிக் கணக்கு. எத்தனை வாளி ஆய்கிறாயோ அத்தனைக்குக் காசு. அளவுக்குக் கூலி என்று வந்துவிட்டால் ஒரு பெண் தனியாக உட்காரமாட்டார். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்வார். வெள்ளாப்பில் தொடங்கினால் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது இரண்டு வாளிதான் நிறைந்திருக்கும், "இன்னும் ஒன்று நிறைத்துவிட்டுப் போகலாம்" என்று தோன்றும். இப்படித்தான் ஒரு நாள் போய், ஒரு கிழமை போய், தவணையே போகிறது. யாரும் "பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறேன்" என்று முடிவெடுத்து அனுப்புவதில்லை. கூலி கொடுக்கும் முறையே அந்த முடிவை எடுத்துவிடுகிறது. பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று கூட்டம் போடுபவர்கள் இந்த வாளிக் கணக்கைப் பற்றிப் பேசுவது போதாது என்பது என் எண்ணம்.

வீட்டு வேலையில் பிள்ளை கைகொடுப்பதையும் வேலைக்குப் போவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. என் மகன் மாலையில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடுவான். மகள் முற்றம் கூட்டுவாள், கோழிக்குத் தீன் போடுவாள். எங்கள் ஊரில் பிள்ளைகள் அப்படித்தான் வளர வேண்டும். வரம்பில் நடக்கத் தெரியாத பிள்ளையாக என் பிள்ளை வளர்வதை நான் விரும்பவில்லை. நான் பார்ப்பவை வேறு. பள்ளிக்கூடம் நிற்கிறதா? படிப்பதற்கும் தூங்குவதற்கும் உள்ள நேரம் தேய்கிறதா? கையில் நஞ்சோ, தூக்க முடியாத பாரமோ, வெட்டும் மெசினோ இருக்கிறதா? "இன்றைக்கு முடியாது" என்று பிள்ளை சொன்னால் அந்தச் சொல் எடுபடுமா? கடைசிக் கேள்விக்கு "எடுபடாது" என்று பதில் வந்தால் அதன் பெயர் உதவி அல்ல, பெற்ற தாய் தகப்பனின் காணியாக இருந்தாலும் கூட.

அந்த அம்மாவுடன் கடையில் பேசவில்லை. நாலு பேர் நிற்கும் இடத்தில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசினால் அது பேச்சல்ல, அவமானம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வரும் வழியில் அவரோடு சேர்ந்து நடந்தேன். பிள்ளையின் கைத்திறனைப் பற்றித்தான் தொடங்கினேன். அது உண்மையும் கூட. பிறகு, "அக்கா, அந்த மெசினை நாங்கள் இருவரும் ஒருக்கால் தோளில் போட்டுப் பார்ப்போமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போன பின், "அவன் இரவில் தலையிடிக்கிறது என்பான். வெயில் என்று நினைத்தேன்" என்றார். நான் மருந்துகளைப் பற்றித் தெரிந்ததை அப்படியே சொன்னேன். பயமுறுத்தவில்லை, மழுப்பவுமில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: "அப்படியானால் யார் அடிப்பது?"

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் யாரிடமும் போய்ப் பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்து என்று சொல்லக் கூடாது. இந்த அனுபவத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் இதுதான். நல்ல வேளையாக, பதில் கடைக்குள்ளேயே இருந்தது. கூலிக்கு மருந்தடிக்கும் பெரியவர்கள் யார் யார், எந்த நாளில் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பது மற்ற யாரையும் விட எங்களுக்குத் தெரியும், ஏனெனில் அவர்களும் எங்களிடம்தான் வருகிறார்கள். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் காரருக்காக அவர்கள் தனியாக மெனக்கெட்டு வரமாட்டார்கள். பக்கத்துப் பக்கத்து வயல்காரர் நாலைந்து பேர் ஒரே நாளில் அடிப்பதென்று சேர்ந்தால் வருவார்கள், டாங்கிக்குக் கொஞ்சம் குறைத்தும் வாங்குவார்கள். கடை முதலாளியிடம் கேட்டு, அந்தக் கூலியையும் மருந்துக் கடனோடு சேர்த்து அறுவடைக்குப் பின் கொடுக்கும்படி எழுதினோம். முதலாளி முதலில் தயங்கினார். "கூலிக் கடன் எங்கள் தொழில் இல்லையே பிள்ளை" என்றார். நியாயமான தயக்கம். சரியாக அடித்த வயல் விளையும், விளைந்தால் மருந்துக் கடனும் சேர்ந்து திரும்பும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தப் போகத்தில் திரும்பியது.

பிறகு கடைச் சுவரில் ஒரு மட்டை தொங்கவிட்டோம்: பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களிடம் மருந்து கொடுக்கப்படமாட்டாது. பெற்றோர் தொலைபேசியில் சொன்னாலும் கொடுக்கப்படமாட்டாது. எல்லோருக்கும் ஒரே விதி என்பதில்தான் அதன் பலம் இருக்கிறது. வசதியான கமக்காரர் ஒருவரின் மகன் மோட்டார் சைக்கிளில் வந்து கேட்டபோதும் கொடுக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் இந்த மட்டை தங்களைக் குறிவைத்து எழுதப்படவில்லை என்று நம்பினார்கள். மருந்து வாங்க பெரியவர் ஒருவர் நேரில் வர வேண்டியிருப்பதால் ஐந்தாவது கேள்விக்கும் நேரான பதில் கிடைக்கிறது. சில வாடிக்கையாளர்களை இழந்தோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பையன் இப்போது வகுப்புக்கு வருகிறான். சும்மா நடந்ததல்ல. நீண்ட நாள் போகாத பிள்ளைக்கு வகுப்பறை வாசல் வயலை விடக் கடினம். கணக்கு எங்கேயோ போயிருக்கும், பக்கத்தில் இருப்பவர்கள் பகிடி பண்ணுவார்கள். அவனுடைய தாய் வகுப்பாசிரியரை முன்கூட்டியே சந்தித்துப் பேசினார். ஆசிரியர் அவனை முதல் வரிசையில் இருத்தாமல், அவனுக்குப் பழக்கமான கூட்டாளிக்குப் பக்கத்தில் இருத்தினார். விட்ட பாடங்களின் கொப்பிகளை என் மகனும் இன்னொரு பிள்ளையும் கொடுத்தார்கள். கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் விடயம் போனது. அவர் வீட்டுக்கு வந்தபோது தாய் பயந்துபோனார், பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று. வந்தவர் கதிரையில் இருந்து தேநீர் குடித்துவிட்டு, குடும்பத்துக்கு எந்த உதவித் திட்டங்களில் விண்ணப்பிக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பயம் எங்கள் ஊரில் பலருக்கு இருக்கிறது, அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். உத்தியோகத்தர் வருவது பிள்ளையைப் பிரிப்பதற்காக என்று எண்ணிக் கதவைச் சாத்த வேண்டியதில்லை.

எல்லாம் இப்படி முடிவதில்லை. எங்கள் கடைக்கு மூட்டை ஏற்ற வந்த இன்னொரு பையன், பதினைந்து வயது, தூரத்து நகரம் ஒன்றில் உள்ள கடையில் வேலைக்குப் போய்விட்டான். சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்து மாதம் முடிய வீட்டுக்குக் காசு அனுப்புகிறார்களாம். "முதலாளி நல்ல மனிதர் பிள்ளை" என்கிறார் தாய். நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் இரவில் அந்தப் பிள்ளை யாரோடு எங்கே படுக்கிறது என்று தாய்க்குத் தெரியாது, தொலைபேசியை முதலாளி எடுத்துக் கொடுத்தால்தான் பேச முடியும். வீட்டை விட்டுத் தூரத்தில், வெளிக்கண் படாத இடத்தில் பிள்ளை வேலை செய்யும்போது அக்கம்பக்கத்தவர் பேசித் தீர்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற எண் அதற்குத்தான் இருக்கிறது. எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அழைத்திருக்கிறேன். பிள்ளை இன்னும் திரும்பவில்லை. தாய் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவது குறைந்துவிட்டது. அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. அழைத்தது சரி என்பதில் எனக்கு மாற்றம் இல்லை.

வாடிக்கையாளரிடம் செய்யக் கூடாதவை சில உண்டு. வேலை செய்யும் பிள்ளையைப் படம் எடுத்துப் பரப்பக் கூடாது. நல்ல நோக்கம் என்று சொன்னாலும் அந்த முகம் காலத்துக்கும் நிற்கும். ஒருவர் வீட்டுக் கதையை அடுத்த வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது. கடனை நிறுத்தி அவரைப் பணிய வைக்கப் பார்க்கக் கூடாது. கடன் நின்றால் அடுத்த நாளே பிள்ளை கூலிக்கு இறங்கும். பிள்ளையின் கையில் நேரடியாகக் காசு கொடுப்பதும் வேண்டாம், "உழைத்தால் எல்லோரும் தருகிறார்கள்" என்றுதான் அது அதற்கு விளங்கும்.

வேலைக்குப் போகும் தாயாக இதில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் சில நாட்கள் கடைக்கு வருவார்கள். அம்மம்மா வீட்டில் இருந்தால் அங்கே போவார்கள், அவர் வைத்தியசாலைக்குப் போகும் நாட்களில் வேறு வழி இல்லை. கடை உரமும் மருந்தும் அடுக்கிய இடம். அந்த நெடியில் பிள்ளை இருப்பதே எனக்குப் பிடிக்காது. முன்பக்கத் தாழ்வாரத்தில், காற்று வரும் இடத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். களஞ்சியத்துக்குள் வரக் கூடாது, மூட்டையில் கை வைக்கக் கூடாது. மகன் பெரிய பையனாகிறான், வாடிக்கையாளர்கள் "தம்பி, அந்தச் சின்னப் பெட்டியை எடுத்துத் தாரும்" என்று பிரியமாகக் கேட்பார்கள். நான் எழுந்து போய் எடுத்துக் கொடுக்கிறேன். மற்றவர் பிள்ளைக்கு மருந்து கொடுக்கமாட்டேன் என்று மட்டை தொங்கவிட்ட கடையில் என் பிள்ளை அதைத் தூக்குவதை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக மட்டுமல்ல. அவன் நுரையீரலும் அதே வயதுதான்.

அந்தத் தாழ்வார மேசையில் வேறொன்றும் நடக்கிறது. மகள் கொப்பி எழுதிக்கொண்டே, "இன்றைக்கும் அவள் வரவில்லை அம்மா, தம்பியைப் பார்க்க வேண்டுமாம்" என்பாள். மகன், "அவன் வெட்டு முடியத்தான் வருவானாம்" என்பான். யார் ஏன் வரவில்லை என்பது பதிவேட்டில் ஏறுவதற்கு முன் பிள்ளைகளுக்குத் தெரியும். பெரியவர்களாகிய நாங்கள் கேட்பதில்லை, அவ்வளவுதான். நான் கேட்கிறேன். ஆனால் அவர்களைத் துப்புக் கேட்டுவர அனுப்புவதில்லை. கூட்டாளியின் வீட்டு நிலைமையை அம்மாவிடம் சொன்னதால் கூட்டாளிக்குக் கரைச்சல் வந்தது என்று பிள்ளை ஒருமுறை நினைத்துவிட்டால் பிறகு வாய் திறக்காது. ஆகவே மகன் சொன்னதை வைத்து நான் நேராக எந்த வீட்டுக்கும் போவதில்லை. அந்த வீட்டிலிருந்து யாராவது கடைக்கு வரும்வரை பொறுத்து, மேசையில் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைத்தான் கேட்பேன். தம்பியைப் பார்க்க நின்றுவிட்ட அந்தச் சின்னப் பிள்ளையின் தாய்க்கு வேண்டியிருந்தது காலையில் குழந்தையைப் பாதுகாப்பாக விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போக ஓர் இடம். ஒழுங்கையில் உள்ள பாட்டி ஒருவர் ஒப்புக்கொண்டார். பெண்பிள்ளைகளின் வேலை மெசினும் மூட்டையும் போலக் கண்ணில் படுவதில்லை. அடுப்படியிலும் தொட்டிலடியிலும் நடப்பதை யாரும் வேலைக் கணக்கில் சேர்ப்பதுமில்லை.

போன கிழமை வயதான கமக்காரர் ஒருவர் என்னோடு வாக்குவாதப்பட்டார். "நான் பத்து வயதில் கலப்பை பிடித்தவன். கெட்டா போனேன்?" என்றார். அவரை நான் மதிக்கிறேன். இந்த மண்ணைத் திருத்தியவர்களில் ஒருவர். "ஐயா, உங்கள் பத்து வயதில் வயலில் இந்த மருந்து இருந்ததா?" என்று கேட்டேன். யோசித்தார். மாட்டெருவும் சாணமும் வேப்பங்கொட்டையும்தான் இருந்தன என்றார். பிறகு, தன்னுடைய பேரன்தான் இந்த முறை அடிக்க இருந்ததாகவும், கூலிக்கு மருந்தடிக்கும் ஆட்களின் பட்டியலில் உள்ள ஒருவரின் தொலைபேசி எண்ணைத் தரும்படியும் கேட்டார். கொடுத்தேன்.

பெரும்போக விதைப்புக்கு முன் கமக்காரர் அமைப்பின் கூட்டம் வரும். கச்சான் ஆய்வதற்கு வாளிக் கணக்கை விட்டு நாட்கூலி கொடுக்க முடியுமா, அல்லது பள்ளிக்கூடம் விட்ட பிறகும் சனி, ஞாயிறுகளிலும் மட்டும் தாய்மாரோடு பிள்ளைகள் வரலாம் என்று தோட்டக்காரர்கள் தங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொள்ள முடியுமா என்று அங்கே பேசக் கேட்டிருக்கிறேன். தோட்டக்காரர் ஒருவர் சம்மதம் என்றார். இன்னொருவர், நாட்கூலி என்றால் ஆட்கள் கை சோர்ந்துவிடுவார்கள் என்கிறார். அதற்கும் ஒரு பதில் தேட வேண்டும். அவருடைய பயமும் கணக்கில் இருந்து வந்ததுதான். கூட்டத்துக்கு முதல், மருந்தடிக்கும் ஆட்களின் பட்டியலைப் புதுப்பித்துச் சுவரில் ஒட்டிவிடுவேன்.